எழுந்திருக்கச் சொன்ன ஸாஹிப்

இது கட்டுக்கதை இல்லை. கட்டுகிறவன் ராத்திரியைத் தேடுவான், கபர்ஸ்தானைத் தேடுவான், நாயை ஊளையிட வைப்பான். இது பட்டப்பகலில் நடந்தது. அதுவும் பேய் என்ற சொல்லைக் கேட்டாலே உதட்டைப் பிதுக்குகிற ஒரு மனிதருக்கு நடந்தது. அவர் வாயாலேயே கேட்டேன். ஜீப் ஓட்டிய ஷாவலியைத் தனியாகப் பிடித்தும் விசாரித்தேன். இருவர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அவரும் நம்பாதவர்தான்.

அந்த மனிதர் ஓவிய ஆசான், உஸ்தாத் ஸமந்தர். இப்போது ஜலாலாபாத்தில் இருக்கிறார். அங்கே பனி விழாது. காபூலில், ஷோர் பஜாருக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்கு அவர் திரும்பிப் போகவே இல்லை. துணிமணி, தூரிகை, எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கிறது.

மன்னராட்சி போய்க் குடியரசு வந்த வருடத்துக் குளிர்காலம். காபூலில் படம் வரையக் கற்றவர்களில் பாதிப்பேர் உஸ்தாதிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப்பேர் அந்தத் திட்டுக்குப் பயந்து வேறு தொழிலுக்குப் போனவர்கள். இளம் வயதில் மூன்று வருடம் லாகூரில் ஓவியம் படித்தவர். அங்கிருந்து இரண்டு சரக்குகளைக் கொண்டுவந்தார். ஒன்று, நல்ல ஹிந்துஸ்தானி. இன்னொன்று, மனிதர்களை மூக்கு நுனியால் பார்க்கிற பார்வை. இரண்டாவது அதற்கு முன்பே இருந்தது என்று அவர் மனைவி சொல்வாள்.

அவரைத் தேடி ஹாஜி புர்தில் வந்தார். லாரி முதலாளி. உடம்பும் லாரி மாதிரிதான். காபூலில் புதிதாக ஒரு ஹோட்டல் கட்டியிருந்தார்.

"சாப்பாட்டு ஹால் சுவர் முழுக்க ஒரே படம், உஸ்தாத். பறங்கிப் பட்டாளம் பனியில சாகணும். வெள்ளைக்காரன் என் கபாபைத் தின்னுக்கிட்டே அவன் பாட்டன் செத்ததைப் பார்க்கணும்."

"உங்க கபாபைத் தின்னா அவனே செத்துருவானே. படம் எதுக்கு?"

ஹாஜி சிரித்தார். அவருக்குக் கேலி புரியாது. "அப்புறம்... குதிரைமேல வாளோட முன்னாடி ஒரு தலைவர் வருவாரில்ல? அவருக்கு என் முகத்தை வெச்சிடுங்க."

உஸ்தாத் அவரை மேலிருந்து கீழ் பார்த்தார். "குதிரை பாவம், ஹாஜி."

ஆனாலும் ஒப்புக்கொண்டார். காரணம், லாகூரில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து கிழித்துவைத்திருந்த ஒரு படம். நூற்று முப்பது வருடத்துக்கு முன் காபூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பறங்கிப் பட்டாளம், நடுக் குளிர்காலத்தில் துரத்தப்பட்டு, ஜலாலாபாத்தை நோக்கிப் பனியில் நடந்து, கணவாய் கணவாயாகச் செத்து ஒழிந்தது. எங்கள் ஊரில் தாய்ப்பால் மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். அதைத்தான் ஓர் ஆங்கிலேயன் வரைந்திருந்தான். பனிமேட்டில் கொஞ்சம் சிவப்புக் கோட்டுக்காரர்கள். நடுவில் முறிந்த வாளோடு ஓர் அதிகாரி. கண் வானத்தைப் பார்க்கிறது. கீழே எங்கள் ஆட்கள். முகமே இல்லை. ஒரு கறுப்புச் சேறு மேட்டை நோக்கி ஏறுவது போல.

"நாள்கணக்கா பனியில நடந்து வந்தவன் தலையில வகிடு கலையல பாருங்கடா," என்று மாணவர்களுக்குக் காட்டுவார். "கோட்டுல ஒரு சுருக்கம் இல்ல. அடி வாங்கினதையே படமா வரைஞ்சு, சட்டம் போட்டு வீட்டுல மாட்டி, அதுக்கு முன்னாடி உட்கார்ந்து டீ குடிக்கிற ஜாதி உலகத்துலயே ஒண்ணுதான்!"

அதற்குப் பதிலடியாக ஒரு படம் வரைய வேண்டும் என்பது அவருடைய பல வருடத்து வெறி. எங்கள் ஆட்களுக்கு முகம் இருக்கும். பறங்கிக்கு இருக்காது. அவ்வளவுதான்.

இடத்தைப் பார்த்து வரையாமல் அவருக்குக் கை ஓடாது. நாடகக் கொட்டகையில் ஒரு சிவப்புக் கோட்டு இரவல் வாங்கினார். பித்தளைப் பொத்தான் வைத்த பறங்கிப் பட்டாளக் கோட்டு. மனைவியும் பெண்களும் வழக்கம்போல் குளிருக்கு ஜலாலாபாத் போயிருந்தார்கள். ஒரு நாள் விடிந்ததும் ஷாவலியின் ஜீப்பில் கிளம்பினார்.

வழியில் புத்காக் என்ற ஊரில் காகா ஹஸ்ரத்தின் டீக்கடை. குளிருக்கு உஸ்தாத் அந்தக் கோட்டை எடுத்து மேலே மாட்டிக்கொண்டு இறங்கினார்.

காகா வாயைப் பிளந்தார். "உஸ்தாத்! பறங்கி ஸாஹிப் ஆயிட்டீங்களா?"

"உன் டீயைக் குடிச்சா யாரும் எதுவும் ஆவாங்க. ஏலக்காய் எங்கய்யா? விலையிலயா?"

காகா சிரித்துக்கொண்டே இன்னொரு கோப்பை ஊற்றினார். படம் வரைய கணவாய்க்குப் போகிற விஷயத்தை ஷாவலி அவருக்குச் சொன்னான்.

குர்து காபூல் கணவாய். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. நடுவில் உறைந்த ஓடை. பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்... குளுக்... குளுக்... கணவாயைத் தாண்டியிருந்த சிற்றூரின் தலைவர் மலிக் பஹ்ராம். அவர் ஆட்களோடு வந்து நெருப்பு மூட்டிக் காத்திருந்தார். டீத்தூளும் சர்க்கரைக் கட்டியும் தருவதாக உஸ்தாத் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்.

வீரர்களாக நிற்க எல்லோரும் தயார். பழைய நாட்டுத் துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு மீசையை முறுக்கி நின்றார்கள். பறங்கியாக நிற்கத்தான் ஆள் இல்லை.

"இந்தக் கோட்டைப் போட்டுக்க. கொஞ்ச நேரம்தான்," என்று ஒரு வாலிபனிடம் நீட்டினார்.

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "எங்க முப்பாட்டன் பொணத்துலேர்ந்து உருவினதை நான் போடவா? என் கல்யாணம் நின்னுரும்."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். உஸ்தாத் கோட்டைத் திரும்பத் தானே மாட்டிக்கொண்டார். "சரி. செத்தவனாவது கிடைப்பானா? இல்ல, அதுக்கும் உங்க கௌரவம் குறுக்க வருமா?"

நிலமில்லாத கூலிக்காரர்கள் சிலர் முன்வந்தார்கள். பனிமேல் போர்வை விரித்துப் படுத்தால் போதும் என்றதும் சம்மதித்தார்கள். சரிவுக்கு நடந்தார்கள்.

அங்கே ஒருவன் முன்பே படுத்திருந்தான்.

மற்றவர்கள் படுக்கப்போகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பாறையின் ஓரத்தில். போர்வை இல்லை. மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி. ஒரு கை தலைக்கு அடியில், மறு கை உள்ளங்கை மேலே பார்க்க விரிந்திருந்தது. கால் ஒன்று வெறுங்கால்.

உஸ்தாதுக்கு முகம் மலர்ந்தது. "பாருங்க. ஒருத்தனுக்காவது சாகத் தெரியுது."

மலிக்கும் அந்தப் பக்கம் பார்த்தார். உஸ்தாதின் தோளைத் தொட்டு ஒதுக்குப்புறமாக அழைத்தார்.

"ஒரு விஷயம். வேலை முடிஞ்சதும் சத்தம் போட்டு எழுப்பாதீங்க. நானே ஒவ்வொருத்தனையா தொட்டு எழுப்பிக்கிறேன்."

"ஏன்? தொட்டில் பிள்ளைங்களா?"

"எங்க ஊர் வழக்கம். இந்தக் கணவாயில யாரும் யாரையும் 'எழுந்திரு'ன்னு சத்தமாச் சொல்ல மாட்டோம்."

"நல்ல வழக்கம். மாசத்துக்கு ஒருதடவை குளிக்கிறதையும் வழக்கமா வெச்சுக்கோங்க."

மலிக் கோபப்படவில்லை. "இன்னொண்ணு. இங்க செத்தவங்கள்ல ஸாஹிப்புங்க கொஞ்சம். சமையல்காரன், தண்ணி சுமக்கிறவன், குதிரைக்குப் புல் அறுக்கிறவன்... அவங்க பொம்பளைங்க, பிள்ளைங்க. ஹிந்துஸ்தானத்துலேர்ந்து பட்டாளத்தோட வந்த ஏழைங்க. அவங்கதான் ஆயிரக்கணக்குல. அவங்களையும் வரைவீங்களா?"

உஸ்தாத் வரைகிற கரிக்குச்சியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "சமையல்காரனை வெட்டினதை வரைஞ்சா அது வீரமா, மலிக்? அடுப்படிக் கூட்டம் யாருக்கு வேணும்? பறங்கியே அவன் படத்துல அதுங்களை வரையல."

வரைய ஆரம்பித்தார்.

வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. சரிவு முழுவதும் பனி மூடிய கற்கள். சின்னதும் பெரிதுமாக, குமிழ் குமிழாக. அவற்றையும் விடாமல் வரைந்தார். கூலிக்காரர்கள் ஒரு நொடி சும்மா கிடக்கவில்லை. ஒருவன் இருமினான். ஒருவன் தாடியைச் சொறிந்தான். உஸ்தாத் கத்தினார். "செத்தவன் சொறிவானா? கழுதை!"

மேலே இருந்தவன் மட்டும் அசையவில்லை.

உஸ்தாத் அவனைத் தனித் தாளில் வரையத் தொடங்கினார். வரைகிற கண் எதையும் விடாது. முதலில் அவர் பார்த்தது மூச்சு. படுத்திருந்த எல்லார் வாயிலிருந்தும் வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது. அவன் வாயிலிருந்து வரவில்லை. 'மூச்சை அடக்குகிறான். கெட்டிக்காரன்' என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம் இமை. இமைமுடியில் பனித்துகள் ஒட்டியிருந்தது. நேர் வெயில் முகத்தில் அடிக்கிறது. உருகவில்லை.

அப்புறம் கால். விரல்கள் கறுப்பாக இருந்தன. 'கழுவாத ஜென்மம்' என்று முனகி, கரியை அழுத்தித் தீட்டினார்.

ஊர் நாய் ஒன்று எல்லாரையும் மோந்து பார்த்துக்கொண்டே மேலே போயிற்று. அந்தப் பாறைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. குரைக்கவில்லை. வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து கீழே வந்தது.

உஸ்தாத் அதையும் பார்த்தார். நாய்க்குக்கூட அவன் நாற்றம் தாங்கவில்லை என்று ஷாவலியிடம் சொல்லிச் சிரித்தார்.

மதியம் தாண்டியது. கணவாயில் வெயில் சீக்கிரம் போய்விடும். நிழல் எதிர்ப் பாறையிலிருந்து இறங்கி, ஓடையைக் கடந்து, சரிவில் ஏறத் தொடங்கியது.

"போதும்," என்றார் உஸ்தாத்.

மலிக் ஒவ்வொருவனாகத் தோளைத் தொட்டு எழுப்பினார். ஒரு வார்த்தை பேசவில்லை. கூலிக்காரர்கள் போர்வையைச் சுருட்டிக்கொண்டு நெருப்பை நோக்கி ஓடினார்கள். மலிக் அந்தப் பாறைப் பக்கம் போகாமலே திரும்பி வந்தார்.

"உங்க ஆளையும் எழுப்பிக் கூட்டிட்டு வாங்க, உஸ்தாத். தொட்டு எழுப்புங்க. டீ ஆறுது."

"என் ஆளா?"

"ஆமா. காபூல்லேர்ந்து கூட்டிட்டு வந்தீங்களே. அந்த மேல படுத்திருக்கிறவன்."

"நான் ஷாவலியைத் தவிர யாரையும் கூட்டிட்டு வரல. அவன் உங்க ஊர்க்காரன்தானே?"

மலிக் மெதுவாகத் திரும்பி மேலே பார்த்தார்.

அவர் முகத்தில் ரத்தம் வற்றியதை உஸ்தாத் பார்த்தார். ஓவியர் ஆயிற்றே... அந்த நிறம் மாறிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது என்பார்.

மலிக் விரலை உதட்டில் வைத்தார். நெருப்பருகில் இருந்தவர்களுக்குக் கையால் சைகை காட்டினார். டீக் கெண்டியை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் எழுந்தார்கள். துப்பாக்கி மோதும் சத்தம்கூட வராமல், பூனை மாதிரி நடந்து கணவாயின் வளைவில் மறைந்தார்கள்.

கடைசியாகப் போன மலிக் உஸ்தாதின் காதருகில் குனிந்தார். "வண்டியில ஏறுங்க. அவன்கிட்ட பேசாதீங்க."

போய்விட்டார்.

உஸ்தாத் வாய்விட்டுச் சிரித்தார். இத்தனை மீசை, இத்தனை துப்பாக்கி... இவர்களுக்கா நான் முகம் வரையப் போகிறேன்? ஊர்ப் பைத்தியம் ஒன்று பனியில் படுத்திருக்கிறது; அதைப் பார்த்து ஓடுகிறார்கள் வீராதிவீரர்கள்.

ஷாவலி கீழே ஜீப்பைத் திருப்பிக்கொண்டிருந்தான். உஸ்தாத் சரிவில் ஏறினார். சிவப்புக் கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். நிழல் அவருக்கு முன்னால் ஏறியது. பாறையைத் தொட்டது. படுத்திருந்தவனை மூடியது.

"ஏய்."

பூட்ஸ் நுனியால் அவன் விலாவில் ஓர் இடி இடித்தார்.

கல்லை இடித்த மாதிரி இருந்தது. கால் விரல் விண்ணென்றது.

அப்போதுதான் பார்த்தார். அவன் கண் திறந்திருந்தது. எப்போது திறந்தது? முன்பே திறந்திருந்ததா? வரைந்தபோது எப்படி இருந்தது...? நினைவு வரவில்லை.

அந்தக் கண் மெல்ல நகர்ந்தது. கோட்டின் பொத்தான்களைப் பார்த்தது.

"ஹுசூர்," என்றான். ஹிந்துஸ்தானியில். வறண்ட, மரியாதையான குரல். "உத்தரவு வந்துருச்சா, ஹுசூர்?"

வாயிலிருந்து ஆவி வரவில்லை.

"என்னடா உத்தரவு?"

"நீங்கதானே சொன்னீங்க. இங்கேயே படுங்க, உத்தரவு வர்றவரைக்கும் எழுந்திருக்காதீங்கன்னு. படுத்தோம்."

"படுத்தோமா? யார்ரா?"

"எல்லாரும்தான், ஹுசூர்." கொஞ்சம் தயங்கினான். "பிள்ளைங்களுக்குக் குளிருது."

உஸ்தாதுக்குக் கோபம் வந்தது. அவருக்குப் பயம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். மலிக் சொல்லிக்கொடுத்து நடக்கிற கூத்து! லாகூரில் படித்தவனிடமே ஹிந்துஸ்தானி! அதே மொழியில், லாகூரில் அதிகாரிகள் வேலைக்காரர்களை அதட்டிய அதே தொனியில், தொண்டை கிழியக் கத்தினார்.

"எழுந்து தொலைங்கடா எல்லாரும்! எல்லாம் முடிஞ்சு போச்சு! எழுந்திரிங்க!"

கணவாய் அதை வாங்கிக்கொண்டது. எதிர்ப் பாறை திருப்பிச் சொன்னது. எழுந்திரிங்க... அடுத்த வளைவு சொன்னது. ...ந்திரிங்க... அதற்கும் அப்பால், தூரத்தில் எங்கேயோ... ரிங்க...

பிறகு அமைதி. பனிக்கட்டிக்கு அடியில் ஓடிய தண்ணீர்ச் சத்தமும் நின்றிருந்தது.

சர்ர்ர்...

வலப்பக்கம் ஒரு கல்லின் மேலிருந்த பனி சரிந்தது.

சர்ர்... சர்ர்ர்...

இடப்பக்கம். மேலே. கீழே.

கல் இல்லை.

காலையிலிருந்து அவர் குமிழ் குமிழாக வரைந்தவை எதுவும் கல் இல்லை. ஒரு குமிழ் பிளந்து, அதற்குள்ளிருந்து ஒரு முதுகு நிமிர்ந்தது. இன்னொன்றிலிருந்து ஒரு பெண். எழுந்ததும் முதல் காரியமாக, பக்கத்தில் இருந்த சின்னக் குமிழிலிருந்து பனியைத் தட்டிவிட்டாள். தலை வந்தது. குழந்தையின் தலை. பள்ளிக்கூடம் அனுப்புகிற தாய் மாதிரி அதன் முடியைக் கையால் கோதிவிட்டாள்.

யாரும் அலறவில்லை. யாரும் அவரை நோக்கிப் பாயவில்லை.

துணியைச் சரிசெய்துகொண்டார்கள். சிலருக்குச் சரிசெய்யத் துணி இல்லை. மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். சரிவு முழுவதும். ஓடை முழுவதும். வளைவுவரை.

எழுந்து நின்று...

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

காத்திருந்தார்கள்.

உஸ்தாத் ஓடினார்.

விழுந்தார். எழுந்தார். ஓடினார். தாள்கள் பறந்தன.

பின்னால் சத்தம். வெறுங்கால்கள் பனியில் பதிகிற சத்தம். சப்... சப்... சப்... ஒருவர் காலடி அல்ல. ஊரே நடக்கிற சத்தம்.

மூச்சு வாங்க நின்றார்.

சத்தமும் நின்றது.

ஓடினார்.

சப்... சப்... சப்...

ஜீப்பில் விழுந்தார். "எடு! எடு!" ஷாவலி அவர் முகத்தைப் பார்த்தான்; கேள்வி கேட்கவில்லை. கியர் போட்டான். வண்டி உறுமியது. நகரவில்லை. சக்கரம் சுற்றியது. பின்பக்கம் கிறீச்சென்று தாழ்ந்தது. முன்பக்கம் தூக்கிக்கொண்டது.

"பின்னாடி யாரு ஏறினது?" என்றான் ஷாவலி. கண்ணாடியில் பார்த்தான். யாரும் இல்லை. "உஸ்தாத்... யாரு ஏறினது?"

உஸ்தாத் தன்னைக் குனிந்து பார்த்தார். சிவப்பு.

பொத்தானைப் பிய்த்தார். ஒன்று. இரண்டு. கோட்டைக் கழற்றி வெளியே எறிந்தார்.

ஜீப் துள்ளிப் பாய்ந்தது.

அப்புறம் வெகுநாள் அவர் கரியைத் தொடவில்லை. ஹாஜி ஆள்மேல் ஆள் அனுப்பினார். கடைசியில் ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்து முடித்தார். ஹாஜி வந்து திரையை விலக்கினார்.

பனிச்சரிவு. சரிவு முழுவதும் மனிதர்கள். நிற்கிறார்கள். படத்தைப் பார்க்கிறவனையே பார்க்கிறார்கள். குதிரை இல்லை, வாள் இல்லை, பறங்கியும் இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் முகம் இருந்தது.

"யாரு இந்தப் பிச்சைக்காரக் கும்பல்?"

"பட்டாளத்தோட வந்தவங்க, ஹாஜி."

"சமையல்காரனும் ஆயாவும் என் ஹால்ல எதுக்கு? என் முகம் எங்க?"

"உங்களுக்கு அங்க இடம் இல்ல."

ஹாஜி காறித் துப்பாத குறையாகப் போனார். அந்தச் சுவரில் கடைசியில் சுவிட்சர்லாந்து ஏரிப் படம் ஒன்று தொங்கியது. வெள்ளைக்காரர்கள் அதன்கீழ் நிம்மதியாகக் கபாப் தின்றார்கள்.

பனிக்காலம் முடிகிற சமயம், உஸ்தாத் ஷாவலியை அழைத்துக்கொண்டு புத்காக் சந்தைக்குப் போனார். அன்று மலிக் பஹ்ராம் சந்தைக்கு வருவார் என்று தெரியும். 'எல்லாம் நாங்க ஆடின கூத்து' என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் போதும். தூக்கம் வரும்.

காகா ஹஸ்ரத்தின் கடையிலேயே மலிக் உட்கார்ந்திருந்தார். சலாம் சொன்னதற்குச் சலாம் சொன்னார். அவ்வளவுதான். அவர் பார்வையில் இப்போது வேறு ஏதோ இருந்தது. உஸ்தாத் உலகத்தையே பார்த்துவந்த அதே பார்வை.

"கத்தினீங்களா?" என்றார் மலிக்.

"...கத்தினேன்."

"படிச்சவரு. எங்க பேச்சு எப்படிக் காதுல ஏறும்?" தாடியைத் தடவிக்கொண்டார். "என் பாட்டனோட பாட்டன் அந்தச் சரிவுல வாளோட நின்னவரு. அவரு வெட்டினது சிப்பாய் இல்ல. ஸாஹிப் படுக்கச் சொன்னான்னு படுத்திருந்த ஜனங்க. ஸாஹிப்புங்க குதிரையில போயிட்டாங்க. இதுங்க ஓடக்கூட இல்லையாம். கட்டியிருந்த துணியையும் உருவிட்டோம். சாகும்போது அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதாராம். எங்களுக்கு அது பெருமை இல்ல, உஸ்தாத். அதனாலதான் அங்க குரல் எழுப்ப மாட்டோம்."

"இப்ப... அந்தச் சரிவு?"

"வழுவழுன்னு கிடக்கு. ஒண்ணுமே இல்ல."

"எங்க போனாங்க?"

"எழுப்பினது நீங்க. என்னைக் கேக்கிறீங்க?" மலிக் எழுந்து, போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, சந்தைக்குள் போய்விட்டார்.

உஸ்தாத் அப்படியே உட்கார்ந்திருந்தார். வெளியே நல்ல வெயில். கழுதைக்காரன் ஒருவன் பாட்டுப் பாடிக்கொண்டு போனான். காகா ஹஸ்ரத் டீயோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க இங்க வருவீங்கன்னு தெரிஞ்சிருந்தா அந்தப் பொம்பளையை நிக்க வெச்சிருப்பேனே, உஸ்தாத்!"

"எந்தப் பொம்பளை?"

"இன்னிக்குக் காலையில வந்தா. மூடுபனி விலகாத நேரம். இடுப்புல குழந்தை. ஹிந்துஸ்தானிக்காரி போல. லாரி ஓட்டி நாலு வார்த்தை எனக்கும் அந்தப் பாஷை தெரியும். சிவப்புக் கோட்டுப் போட்ட ஸாஹிப் வீடு எங்கன்னு கேட்டா."

உஸ்தாத் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எழுந்திருக்கச் சொன்னாராம். எங்க போகணும்னு சொல்லாமப் போயிட்டாராம். எனக்கு ஒண்ணும் விளங்கல. ஆனா கோட்டு போட்ட ஸாஹிப்புன்னா நீங்கதானே? பாவம், குழந்தை விறைச்சுப்போய் இருந்துச்சு. டீ குடின்னேன். வேண்டாம்னுட்டா. ஷோர் பஜாருக்குப் பின்னாடி, நீலக் கதவுன்னு வழி சொல்லி அனுப்பினேன்."

"தனியாவா வந்தா?"

"பேசினது அவ ஒருத்திதான். மத்தவங்க ரோட்டுல நின்னாங்க."

"எத்தனை பேரு?"

காகா கையைத் துணியில் துடைத்தபடி கொஞ்சம் யோசித்தார்.

"தெரியல, உஸ்தாத். அவங்க நின்னதுல ரோடே தெரியல."